ஒரு ‘சி’யின் சொந்தக்காரி

கிழக்குக் கென்டக்கி மலையில் ஒருவர் தன் பெயர் ஸ்லோன் என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: “எந்த ஸ்லோன்? வாலா, தொப்பையா?”

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அவர்கள் எழுத்தில்தான் இந்த வம்பு. ஒரு குடும்பத்துப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு தொங்கும். அவர்கள் வால் ஸ்லோன். இன்னொரு குடும்பத்துக்குக் கடைசியில் ஒன்றுமில்லை, நடுவயிற்றில் வேறோர் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். அவர்கள் தொப்பை ஸ்லோன். ஓடைக்கு இந்தப் பக்கம் வால், அந்தப் பக்கம் தொப்பை. தேவாலயம் வேறு, இடுகாடு வேறு. தபால்காரர் முதல் சவப்பெட்டிக்காரர் வரை எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். கேட்காமல் கை வைத்த ஒரே இடம் மவுண்ட் ஹோரெப் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் இருந்தது.

கெண்ட்ரா ஸ்லோன் வால் ஸ்லோன். அப்பாவின் பெயர் டென்வர், சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். வெட்டியதில் பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மீதியை நுரையீரலில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிக்க மூச்சு போதாது. ஊர் மருத்துவமனைக் கதவில் ‘மருத்துவர் விரைவில்’ என்று ஒரு பலகை தொங்கியது. அது தொங்க ஆரம்பித்தபோது கெண்ட்ராவுக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்தன. மூச்சு முட்டினால் டென்வரை வண்டியில் படுக்கவைத்து மலையைச் சுற்றி அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். படித்து டாக்டராகி அந்தப் பலகையைத் தன் கையால் கழற்ற வேண்டும் என்பது கெண்ட்ராவின் ஒரே ஆசை. அது அளவுக்கு மீறிய ஆசை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மவுண்ட் ஹோரெப்பில் சேர்ந்த மூன்றாம் பருவத்தில் கரிம வேதியியல் வந்தது. பாடத்தின் பெயரைக் கேட்டதும் டென்வருக்குக் குஷி. “கரியப் பத்தின படிப்பா? அதுல நம்ம வீட்டுப் புள்ள தோத்தா ஊர் சிரிக்கும்மா” என்றார். கெண்ட்ரா தோற்கவில்லை. பருவம் முழுக்க எந்தத் தேர்விலும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. இறுதித் தேர்வையும் நன்றாகவே எழுதினாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், ஏ வர வேண்டிய இடத்தில் சி.

பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த திருமதி கோம்ஸ் தங்கமான மனுஷி. மேசையில் மிட்டாய் ஜாடி வைத்திருப்பார். யாரைக் கண்டாலும் ‘கண்ணு’தான்.

“இது என் மதிப்பெண் இல்லைங்க.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க கண்ணு. மிட்டாய் எடுத்துக்க.”

முறையிட வழி இருக்கிறதா என்று கெண்ட்ரா கேட்டாள். தாராளமாக இருந்தது. ஆனால் அதற்கான கெடு தேர்வு நாளிலிருந்து ஆரம்பித்து, மதிப்பெண் வெளியாவதற்கு முந்தின நாள் முடிந்துவிடும். மதிப்பெண் தெரியாமல் எப்படி முறையிடுவது என்று கேட்டதற்கு, அதனால்தான் இந்தக் கல்லூரியில் இதுவரை ஒரு முறையீடுகூட வந்ததில்லை என்று திருமதி கோம்ஸ் பெருமையாகச் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த விருதைக் காட்டினார். சரி, பேராசிரியரையே கேட்கலாம் என்று போனால், அவர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். விடைத்தாள்களை என்ன செய்தார் என்பது மீன்களுக்குத்தான் தெரியும்.

ஹாலிஸ்டர் மருத்துவக் கல்லூரியில் மலை மாவட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு வருடா வருடம் ஓர் இடம் உண்டு. படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. ஓர் ஆள் மூன்று முறைதான் அதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘உங்கள் கல்விப் பதிவில் காணப்படும் பலவீனங்களை விளக்குக.’

முதல் முறை கெண்ட்ரா உள்ளதை எழுதினாள்: ‘அது என் மதிப்பெண் அல்ல. எங்கோ தவறு நடந்திருக்கிறது.’ விண்ணப்பம் திரும்பி வந்தது. விண்ணப்பதாரர் பொறுப்பேற்கவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். இரண்டாம் முறை கட்டத்தைக் காலியாக விட்டாள். விண்ணப்பதாரரிடம் சுயபரிசீலனை இல்லை என்று வந்தது. மிச்சம் இருந்தது ஒரு முறை.

அந்த வருடம் மவுண்ட் ஹோரெப் கல்லூரி ‘பின்னடைவு விளக்க மையம்’ ஒன்றைத் திறந்திருந்தது. இடம் போதாமல் வேதியியல் ஆய்வகத்தில் பாதியைத் தடுத்து எடுத்துக்கொண்டார்கள். மாணவர்களுக்குப் பாடம் ஏன் புரியவில்லை என்று விளக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மையத்தின் இயக்குநர் டாக்டர் விட்டேக்கர். அந்த அம்மாள் மருத்துவர் இல்லை. விளக்கம் சொல்வதில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

கெண்ட்ரா நடந்ததைச் சொன்னாள். விட்டேக்கர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

“ஒண்ணு தெளிவா இருக்கட்டும் கெண்ட்ரா. நாங்க யாரையும் பொய் சொல்லச் சொல்றதில்ல. உண்மையக் கொஞ்சம் வரிசை மாத்தி அடுக்கச் சொல்றோம், அவ்வளவுதான்.”

“ஆனா மேடம், அது என் சி இல்ல.”

“அங்கதான் நீங்க வழுக்கறீங்க. சி யாருதுங்கறது இங்க கேள்வியே இல்ல. நீங்க அதச் சொந்தம் கொண்டாடறீங்களாங்கறதுதான் கேள்வி. தேர்வுக்குழு என்ன பாக்கும் தெரியுமா? இந்தப் பொண்ணு நாளைக்கு ஒரு நோயாளியக் கொன்னுட்டா, அதையும் ‘என்னுது இல்ல’ன்னு சொல்லுவாளோன்னு பாக்கும்.”

யாரையும் கொல்லும் உத்தேசம் தனக்கு இல்லை என்று கெண்ட்ரா சொன்னாள். அதையும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அடக்கம் போதவில்லை என்று நினைப்பார்கள் என்றார் விட்டேக்கர்.

பயிற்சி வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்குத் தங்கள் குறையைச் சொல்லிப் பழகினார்கள். இயற்பியலில் சறுக்கிய ஒருத்தி தன் நாய் செத்துப்போன கதையைச் சொன்னாள். விட்டேக்கர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். நாயெல்லாம் போன வருடத்தோடு போயிற்று, இந்த வருடம் குழு நாய்க்கு அசைவதில்லை என்றார். இன்னொருவன் பாவம், எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவன். அவன் முறை வந்ததும் சொல்ல ஒன்றுமில்லாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டு ஏதாவது ஒரு பாடத்தில் விழுந்து எழுந்துவிட்டு வரும்படி விட்டேக்கர் கனிவாக அறிவுரை சொன்னார்.

அழுகைக்கும் இலக்கணம் இருந்தது. கண்ணீர் இரண்டாம் பத்தியில் வர வேண்டும். கடைசிப் பத்திக்குள் காய்ந்துவிட வேண்டும். காயாத கண்ணீர் குழுவைச் சங்கடப்படுத்தும். வராத கண்ணீர் இன்னும் மோசம்.

டென்வரின் நுரையீரல் பற்றிப் பேச்சுவாக்கில் கெண்ட்ரா சொன்னபோது விட்டேக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பாவுக்கு நுரையீரலா? இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“அந்தப் பருவத்துல அவரு நல்லாத்தான் மேடம் இருந்தாரு. மான் வேட்டைக்குக்கூடப் போனாரு.”

“மான் வேண்டாம்” என்று சொல்லி விட்டேக்கர் எழுதிக்கொண்டார்.

ஆறு தடவை திருத்தி எழுதியபின் விளக்கம் தயாரானது. அதில் கெண்ட்ரா ஸ்லோன் என்று ஒரு கர்வக்காரப் பெண் இருந்தாள். எல்லாம் தெரியும் என்று நினைத்தாள், யாரிடமும் உதவி கேட்கவில்லை, புத்தகத்தைத் திறக்கவில்லை. பக்கத்து அறையில் அப்பா இருமும் சத்தம் கேட்டது, அதையும் கவனிக்கவில்லை. அப்போது ஒரு சி வந்து அவள் கண்ணைத் திறந்தது. கடைசி வரி இது: ‘அந்த சி எனக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, எனக்குக் கிடைத்த ஆசான்.’ இந்த வரியை விட்டேக்கர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

டென்வரும் வாசித்தார். சமையலறை மேசையில் வைத்து விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“இப்படியா இருந்த நீ? அந்த வருஷம் பூரா புத்தகத்து மேலயே தூங்கினியே.”

“இது விளக்கம்ப்பா. இப்படித்தான் எழுதணும்.”

அவர் காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். “என் புள்ளயப் பத்தி யாரோ புறம் பேசற மாதிரி இருக்கு. அதையும் நீயே பேசியிருக்க” என்றார். அன்று அவர் பீன்ஸ் சூப்பைத் தொடவில்லை. ஆனால் மிச்சம் இருந்தது ஒரு முறைதான், கெண்ட்ரா அனுப்பிவிட்டாள்.

ஹாலிஸ்டரிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கம்பளம் விரித்த அறையில் டீன் பெர்ரிமோர் நடுவில் இருந்தார். இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள், அவர் தலையாட்டும்போதெல்லாம் தாங்களும் ஆட்டிக்கொண்டு.

“உங்க பயணத்தப் பத்திச் சொல்லுங்க கெண்ட்ரா.”

“விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன் சார். மலை இறங்கற வரைக்கும் பனி. அப்புறம் பரவாயில்ல.”

டீன் சிரித்து, ‘எளிமை’ என்று குறித்துக்கொண்டார். அவர் கேட்டது வேறு பயணத்தை. அது அவளுக்குப் புரிந்ததும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். இரண்டாம் பத்தியில் கண்ணீர் வந்தது. பொய்யை நினைத்து வந்த கண்ணீர் அது. ஆனால் சரியான பத்தியில் வந்தது. கடைசிப் பத்திக்குள் காய்ந்தும் விட்டது.

டீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். “நல்லாப் படிக்கிற பசங்க எங்களுக்கு ஆயிரம் பேர் வர்றாங்க. அவங்கள வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணறது? ஒரு ஏ எனக்கு என்ன சொல்லுது? இந்தப் பொண்ணுக்குப் பாடம் தெரியும்னு சொல்லுது. அதத் தவிர வேற ஒண்ணும் சொல்லல. உங்க சி பேசுது கெண்ட்ரா. அந்த சி மட்டும் இல்லன்னா நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” குழு தலையாட்டியது.

இடம் கிடைத்துவிட்டது.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வால் ஸ்லோன்கள் எல்லாரும் கூடினார்கள். பொரித்த கோழி, சோளரொட்டி, நாலு வீட்டு வாழைப்பழப் புட்டிங். டென்வர் ஆக்சிஜன் உருளையைப் பக்கத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்துக்கொண்டு எல்லாரிடமும் கை குலுக்கினார். மருத்துவமனைப் பலகையில் ‘மருத்துவர் விரைவில்’ என்பதற்குக் கீழே ‘நம் ஊர்ப் பெண் கெண்ட்ரா ஸ்லோன்’ என்று எழுதினார்கள். எழுதியவன் வாலை மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரியும்படி போட்டான். அந்தப் பொய்யான விளக்கம்கூட கெண்ட்ராவுக்கு அப்போது உறுத்தவில்லை. அப்பா சிரித்ததைப் பார்த்தாள், போதும் என்று இருந்தது.

கோடையில் திருமதி கோம்ஸ் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“கண்ணு, நீ சொன்னது சரிதான். அது உன் மதிப்பெண் இல்ல.”

கல்லூரி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. அது பழைய பதிவுகளையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டு, ஒரே வகுப்பில் இரண்டு கெண்ட்ரா ஸ்லோன்கள் இருந்ததையும், வாலுக்குப் போக வேண்டியது தொப்பைக்கும் தொப்பையுடையது வாலுக்கும் போய்விட்டதையும் கண்டுபிடித்துவிட்டது. கெண்ட்ராவுக்குக் கரிம வேதியியலில் ஏ. கல்லூரி தன் தவறைத் தானே கண்டுபிடித்ததற்காக இன்னொரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தது. திருத்திய பதிவு ஹாலிஸ்டருக்கும் போய்விட்டது. “நீ கஷ்டப்பட வேண்டாம்னு நானே அனுப்பிட்டேன் கண்ணு” என்றார்.

கெண்ட்ரா ஃபோனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். டென்வர் மேசையைத் தட்டினார். “கரியில நம்மள யாரு அடிச்சுக்க முடியும்?” என்றார். அந்த ஒரு சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் முழுசாகச் சந்தோஷமாக இருந்தார்கள்.

மறுவாரம் டீன் பெர்ரிமோர் அவளை வரச் சொன்னார். அதே கம்பளம், அதே தலைகள். மேசையில் அவளுடைய கோப்பு திறந்து கிடந்தது.

“கெண்ட்ரா, உங்க பதிவுல ஒரு சிக்கல் வந்திருக்கு. ஒரு பலவீனம் காணாமப் போயிருக்கு.”

“திருத்திட்டாங்க சார். ஏ வந்திருக்கு.”

“அதத்தான் சொல்றேன். நாங்க உங்களுக்கு இடம் குடுத்தது எதுக்கு? விழுந்து எழுந்தீங்கன்னு. இப்ப நீங்க விழவே இல்லன்னு தெரியுது. அப்ப எதுலேருந்து எழுந்தீங்க?”

கல்லூரி செய்த தவறு அது என்று கெண்ட்ரா சொன்னாள். முதல் விண்ணப்பத்திலேயே உள்ளதை எழுதியதையும், அதற்காகத் திருப்பி அனுப்பியதையும் நினைவூட்டினாள். டீன் கோப்பைப் புரட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டார். அந்த முதல் விளக்கம் உண்மையாக இருந்தது என்பதில் குழுவுக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் அது நிராகரிக்கப்பட்ட விளக்கம், அதைக் கணக்கில் எடுக்க விதி இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கத்தில் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். திறந்திருக்கிறாள் என்று இப்போது நிரூபணமாகிவிட்டது.

“நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்லையா?” என்றார் டீன். நிஜமாகவே வருத்தப்பட்டார். “அடுத்தவங்க பலவீனத்த எடுத்து நீங்க சொந்தம் கொண்டாடியிருக்கீங்க.”

அடுத்துக் கெண்ட்ராவின் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

“அந்த சி என்னோடதுதான் சார்.”

யாரும் தலையாட்டவில்லை.

“நான் அழுதிருக்கேன் சார் அதுக்காக. மூணு வருஷம் அதோடதான் தூங்கி எந்திரிச்சிருக்கேன். வந்தது தப்பா வந்திருக்கலாம். பட்டதெல்லாம் நான்தானே.”

ஒரு குழு உறுப்பினர் மெல்லத் தொண்டையைச் செருமினார். பட்டது பட்டதுதான், ஆனால் பதிவில் இல்லாத துன்பத்தைக் குழு கருத்தில் கொள்வதற்கில்லை என்று விளக்கினார். டீன் எழுந்து கை குலுக்கினார். நல்ல மாணவர்களுக்கு வேறு எத்தனையோ துறைகள் இருக்கின்றன என்றார். விண்ணப்பிக்கும் முறைகள் மூன்றும் தீர்ந்துவிட்டதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தழைந்தது.

கெண்ட்ரா நேரே மவுண்ட் ஹோரெப்புக்கு வண்டியை விட்டாள். சி-யைத் திரும்பக் கொடுத்துவிடும்படி திருமதி கோம்ஸிடம் கெஞ்சினாள். அவர் மிட்டாய் ஜாடியை நகர்த்திவைத்துவிட்டு எல்லா இழுப்பறைகளையும் தேடினார். மதிப்பெண்ணை ஏற்றச் சொல்லும் படிவம் இருந்தது. இறக்கச் சொல்லும் படிவம் இல்லை. இருந்திருந்தாலும் கெடு மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. “நல்லது பண்ணறதா நெனச்சேன் கண்ணு” என்று சொல்லி அந்த அம்மாள் அழுதே விட்டார். விட்டேக்கரையும் போய்ப் பார்த்தாள். ஏ வாங்கிய பையனுக்குச் சொன்னதையே அவர் இவளுக்கும் சொன்னார். விழுந்து எழுந்து வரலாம்தான். வந்து எங்கே கொடுப்பது என்று கேட்டதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் தொப்பை ஸ்லோன், அந்த இன்னொரு கெண்ட்ரா. மிருக வைத்தியம் படிக்க ஆசைப்பட்டுக் கல்லூரிக்கு வந்து, கரிம வேதியியலோடு அந்த ஆசையை விட்டவள். இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். தொப்பைக் குடும்பத்து ஆள் இந்த வாசலை மிதித்து யாரும் பார்த்ததில்லை. டென்வர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யாரோ வழி தப்பி வந்திருக்கிறார்கள் என்றார்.

அவள் உட்காரவில்லை. “அந்தப் பரீட்சையில பாதித் தாள நான் வெறுசாத்தான் குடுத்தேன். ஏ வந்துச்சு. யாருதோன்னு தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஹாலிஸ்டர் மருத்துவக் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது.

அவள் விண்ணப்பிக்கவே இல்லை. நடந்தது இதுதான்: கெண்ட்ராவை அனுப்பிவிட்ட பிறகு குழுவின் கையில் ஓர் அருமையான விளக்கம் பலவீனம் இல்லாமல் மிஞ்சியிருந்தது. மவுண்ட் ஹோரெப் அனுப்பிய திருத்தப் பட்டியலில் ஒரு பலவீனம் விளக்கம் இல்லாமல் கிடந்தது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, வகுப்பு ஒன்று. குழு இரண்டையும் சேர்த்துவைத்தது. நியாயம் இவ்வளவு சுலபமாக அமைவது அபூர்வம் என்று டீன் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்.

“நான் டீனுக்கு ஃபோன் பண்ணினேன். அந்த விளக்கம் என்னுது இல்லன்னு சொன்னேன். பொறுப்பத் தட்டிக் கழிக்கக் கூடாதுங்கறாரு. ஊசியப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும் சார்னு சொன்னேன். இந்த அளவுக்குத் தன்னடக்கத்த நான் பாத்ததே இல்லன்னுட்டாரு.”

“வேண்டாம்னு எழுதிக் குடுத்துடேன்” என்றாள் கெண்ட்ரா.

“அதையும் கேட்டேன். நான் வேண்டாம்னா அந்த இடம் அடுத்த மாவட்டத்துக்குப் போயிடுமாம். உனக்கு வராது. நம்ம ஊருக்கே வராது. நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதப் பண்றேன்.”

உள்ளே டென்வர் இருமினார். இரண்டு பேரும் அது ஓயும்வரை காத்திருந்தார்கள். ஓய நேரமாயிற்று.

“போ” என்றாள் கெண்ட்ரா.

“எனக்கு ஒண்ணும் தெரியாதேடி. நான் தோத்துப்போவேன்.”

“தோத்தா நல்லதுதான். அவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.”

மிச்சமிருந்த கோடை முழுக்கச் சமையலறை மேசையில் கெண்ட்ரா கெண்ட்ராவுக்குக் கரிம வேதியியல் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் மண்டு இல்லை, பயந்தவள், அவ்வளவுதான். இலையுதிர்காலம் தொடங்கும் முன் அவள் ஹாலிஸ்டருக்குப் போய்விட்டாள். முதல் நாள் விழாவில் அவளை மேடையேற்றி, ‘அந்த சி எனக்குக் கிடைத்த ஆசான்’ என்ற வரியை வாசிக்கச் சொன்னார்களாம். இரண்டாம் பத்தியில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லையாம். வால் கெண்ட்ராவை நினைத்துக்கொண்டதும் வந்துவிட்டதாம். ஃபோனில் சொன்னாள்.

மறுநாள் மருத்துவமனைப் பலகையைத் திருத்த ஆள் வந்தான். டென்வர் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே, உருளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வந்தவன் முதலில் வாலுக்கு வெள்ளையடித்தான். அது பெரிய வால், இரண்டு பூச்சு தேவைப்பட்டது. பிறகு நடுவில் இடமில்லாத இடத்தில் ஓர் எழுத்தை நெருக்கித் திணித்தான். ‘மருத்துவர் விரைவில்’ என்ற மேல் வரியில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

கரித்தூளைக் கக்கிக் கக்கி மிச்சமிருந்த மூச்சில் டென்வர் கேட்டார், “எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. நீ என்னதான் தப்பு பண்ணின?”

கெண்ட்ரா வண்டியைக் கிளப்பினாள்.

“ஒண்ணுமே பண்ணலப்பா. அதுதான்.”